ஆடிச்சுற்றும் இரண்டு ஜோடி ஷூவும்

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் அக்கா மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே சொன்னாள்: "சங்கரன்கோவிலுக்கு நூத்தெட்டு ஆடிச்சுற்று நேர்ந்திருக்கேன். இனி என்னால முடியாது. நீதான் தினமும் காரணமே இல்லாம ஓடுறியே, அங்க போய் ஒரு தடவையாவது காரணத்தோட நட."

அக்கா வாழ்க்கைப்பட்டது அந்தப் பக்கத்துக் குடும்பத்தில். ஆடித்தபசுக்குக் கொடி ஏறியதிலிருந்து பக்தர்கள் கோயில் வெளிப்பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றி வருவது அங்கே வழக்கம். கோமதி அம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்கிறாள் அல்லவா, அந்தக் கால்வலியில் ஒரு பங்கைச் சுற்றுகிறவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள் என்பது நம்பிக்கை.

நான் முப்பத்திரண்டு வருடம் தொழிற்சாலை ஆய்வாளராக இருந்தவன். ஒருவர் பொறுப்பை இன்னொருவர் தலையில் கட்ட என்னென்ன படிவம், எத்தனை நகல் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். நேர்த்திக்கடனுக்குப் படிவமே கிடையாது என்று தெரிந்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

ஆனாலும் உடனே சம்மதித்தேன். எனக்கும் ஒரு காரணம் இருந்தது.

கோவையில் எங்கள் காலை ஓட்டக் குழுவில் இரண்டு கட்சிகள். ஒன்று மெத்தைக் கட்சி. குதிகாலுக்குக் கீழே மூன்று விரற்கடை நுரை வைத்த ஷூ. அதிர்ச்சி மூட்டுக்குப் போகாது என்பது அவர்கள் வேதம். மற்றது தகட்டுக் கட்சி. சோல் சப்பாத்தி கனம்தான் இருக்கும். பாதத்துக்கு நிலம் தெரிய வேண்டும், தெரிந்தால் அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பார்கள். முதல் கட்சிக்காரர்கள் முழங்கால் வலியோடும் இரண்டாம் கட்சிக்காரர்கள் கெண்டைக்கால் வலியோடும் நொண்டிக்கொண்டு ஒரே டீக்கடைக்கு வந்து சேர்வார்கள்.

டிசம்பரில் முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருந்தேன். அறுபத்து நான்கு வயதில் முதல் முறை, அநேகமாகக் கடைசி முறை. இரண்டு விதத்திலும் ஒவ்வொரு ஜோடி வாங்கிவிட்டு எதில் பழகுவது என்று முடிவெடுக்காமல் ஆடி வரை தள்ளிவிட்டேன்.

இங்கே ஒரு உண்மையையும் எழுதிவிட வேண்டும். எனக்குப் பதினான்கு வருடச் சர்க்கரை. பொங்கலிலிருந்து வலது கால் கட்டைவிரலைச் சுற்றிப் பஞ்சு வைத்துக் கட்டியது போல ஒரு மந்தம். வருடம் ஒரு முறை பாதத்தின் உணர்வைச் சோதிக்க வேண்டும், தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். நடைமுறை எனக்குத் தெரியும். எல்லா நடைமுறையும் தெரிந்தவனுக்கு எதை எப்படித் தட்டிக் கழிப்பது என்பதும் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. சோதனைக்குப் போனால் ஓடாதே என்பார்கள். அதற்குப் பதிலாக நானே ஒரு சித்தாந்தம் வகுத்துக்கொண்டேன்: மெத்தை ஷூதான் பாதத்தைத் தூங்க வைத்துவிட்டது, நூற்றெட்டுச் சுற்று வெறுங்காலில் கல்லின் மேல் நடந்தால் விழித்துக்கொள்ளும். விழித்தால் மெல்லிய ஷூ, டிசம்பர், மாரத்தான். விழிக்காவிட்டால் என்ன என்பதை யோசிக்கவில்லை.

ராஜபாளையத்தில் அவசரமாக ஏறிய பேருந்து தப்பான பேருந்து.

"சங்கரன்கோவிலுக்கா? அது கரிவலம் வழியால்லா போகும், அண்ணாச்சி. இது தென்காசி வண்டி," என்றார் நடத்துநர். "புளியங்குடில இறங்கி மாறிக்கிடுங்க."

"போர்டில் ஒழுங்காக எழுதியிருக்க வேண்டாமா?"

"எழுதித்தான் இருக்கு. நீங்க படிச்சியளா?"

ஆய்வாளராக நான் கேட்ட கேள்வியையே என்னிடம் ஒருவர் கேட்டது முப்பத்திரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

புளியங்குடியில் இறங்கினேன். எலுமிச்சை மூட்டைகள் ஏற்றிய வேன் ஒன்று நின்றிருந்தது. காற்று முழுக்க அந்த மணம். நம் ஊர்க் கடைகளில் கூடையில் கிடக்கும் பழத்துக்கு இந்த மணத்தில் பத்தில் ஒரு பங்கு கூட வராது. மூக்கை உயர்த்தி இழுத்துக்கொண்டே இருபது தப்படி நடந்திருப்பேன்.

"அண்ணாச்சி! ஒத்தச் செருப்போட எங்கன போறிய?"

வேனில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர் கத்தினார். குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இல்லை. அது பேருந்து நின்ற இடத்திலேயே, யாரோ கழற்றி வைத்தது போல ஒழுங்காகக் கிடந்தது. நான் கடந்து வந்திருந்தது சரளைக்கல். கால் எனக்கு எதையும் சொல்லவில்லை.

"யோசனையில வந்துட்டேன்," என்றேன்.

"யோசன தலையிலல்லா இருக்கும்," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மூட்டையைத் தூக்கினார்.

சங்கரன்கோவிலில் கோயிலுக்குப் பக்கத்திலேயே விடுதி. மேலாளர் சுப்பையா என் பையிலிருந்து வெளிவந்தவற்றைப் பார்த்துவிட்டு அறையின் வாசலிலேயே நின்றார்.

"ரெண்டு ஜோடி பூட்ஸு, ஒரு ஜோடி செருப்பு. ஆளு ஒருத்தர்தானா?"

"ஒருத்தன்தான். சுற்றுக்கு வந்திருக்கிறேன்."

"அப்ப மூணுமே வேண்டாம்லா," என்றார்.

அன்று மதியம் ஒரு மெஸ்ஸில் கூட்டாஞ்சோறு. முருங்கைக்கீரை, கத்தரிக்காய், மாங்காய் எல்லாம் ஒன்றாகக் குழைந்து ஆவி பறந்தது. அவசரத்தில் முதல் வாயிலேயே நாக்கைச் சுட்டுக்கொண்டேன். சுட்ட உடனே சுட்டது என்று தெரிந்ததில் எனக்கு அசட்டுத்தனமாக ஒரு சந்தோஷம் வந்தது. இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன்.

மூன்று நாள், நாளுக்கு முப்பத்தாறு சுற்று என்று திட்டம். நூற்றெட்டுக் கட்டம் போட்ட அட்டை ஒன்றைக் கோவையிலேயே தயாரித்துக் கொண்டுவந்திருந்தேன். சோதனை முழுமையாக இருக்கட்டும் என்று விடுதியிலிருந்தே வெறுங்காலோடு கிளம்பினேன். வளையல் கடை, பாத்திரக் கடை, பூக்கடை தாண்டிக் கோயில்.

ஆடிக்காற்றை நான் கோவையிலும் பார்த்திருக்கிறேன். அங்கே அது மரங்களோடு நிறுத்திக்கொள்ளும். இங்கே பிரகாரத்தின் ஒரு மூலையில் நுழைந்து மறு மூலையில் ஆளைத் தேடுகிறது. சேலைத் தலைப்பெல்லாம் ஒரே திசையில் பறக்க, நூறு பேருக்கு மேல் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தார்கள். பேசினால் எண்ணிக்கை தப்பிவிடும். உதடுகள் மட்டும் அசைந்தன. "கோமதி!" என்று எங்கோ ஒரு தாய் கூப்பிட்டபோது மட்டும் ஐந்தாறு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள், அந்த ஊரில் அந்தப் பெயருக்குப் பஞ்சமில்லை. பிறகு மறுபடியும் காற்றும் காலடிகளும்தான்.

ஏழாவது சுற்றில் ஒரு சத்தத்தைக் கவனித்தேன். எனக்கு மிக அருகில், கொஞ்சம் பின்னால், யாரோ பாதத்தைப் பதிக்காமல் தட்டையாகப் போட்டு நடந்தார்கள். தட். தட். ஈரத்துணியைக் கல்லில் அடிப்பது போல. முந்திப் போகட்டும் என்று ஒதுங்கி நின்றேன். யாரும் முந்தவில்லை. சத்தமும் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். ஒரு பெண்மணி மட்டும் பத்தடி தள்ளி வந்துகொண்டிருந்தாள். அவள் நடை பூனை நடை.

பேச்சியம்மாளை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். பனவடலிசத்திரத்துக்காரி, ஐம்பது வயது இருக்கும். நாற்பது வெள்ளாடுகளைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஐந்நூற்றொரு சுற்றுக்கு வந்திருந்தாள். முந்தானையின் ஒரு முடிச்சில் புளியங்கொட்டைகள். சுற்றுக்கு ஒன்றாக மறு முடிச்சுக்கு மாற்றினாள். என் அட்டையைவிட நல்ல முறை, காற்றில் பறக்காது.

தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"வலி வந்துட்டா?"

"இல்லையே."

"எத்தன ஆச்சு?"

"முப்பது."

"முப்பதுக்கு வந்துருக்கணுமே. எனக்கு இருவதுலயே பிடிச்சிட்டு. அம்மா நிக்கா பாருங்க, அந்த வலி. அத வாங்கத்தான வந்துருக்கோம்." என் கால்களை ஒரு நிமிடம் பார்த்தாள். "உங்களுக்கு இன்னும் குடுக்கல போல."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இரண்டாம் நாள் மேகமே இல்லை. பத்து மணிக்கே கல் காய ஆரம்பித்தது. பதினொன்றுக்குச் சுற்றுகிறவர்கள் எல்லாரும் சுவரோர நிழலில் ஒற்றை வரிசையாகிவிட்டார்கள். நிழல் அறுந்த இடங்களில் வரிசை முழுவதும் குதித்துக் குதித்துக் கடந்தது. நான் நடுவில் நடந்தேன். கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். அதைக்கூட நான் கண்ணால் பார்த்துத்தான் தீர்மானித்தேனோ என்னவோ.

முதலில் அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நிழலில் நின்றவர்கள் பார்க்கத் தொடங்கினார்கள்.

"அங்கன பாரு, நடுவெயில்ல பூ மேல போற மாதிரி போறாரு."

"அம்மா பிடிச்சுக் கூட்டிட்டுப் போறா, ஏட்டி. கையெடுத்துக் கும்பிடு."

ஒரு குடும்பம் நான் கடந்து போன கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கையை உதறியது. கல் அவ்வளவு சூடு. ஆய்வாளராக இருந்த காலத்தில் தொழிற்சாலை வாசலில் எத்தனையோ பேர் எனக்குக் கும்பிடு போட்டிருக்கிறார்கள். அதெல்லாம் பயத்தில் போட்டது. இது வேறு. வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் இன்னும் நிமிர்ந்து நடந்தேன்.

தட். தட். அந்தச் சத்தம் அன்றும் வந்தது. யாரும் இல்லாத நடுப்பிரகாரத்தில், என் பின்னாலேயே. ஒருமுறை வேகமாக நடந்தேன். அதுவும் வேகமாக வந்தது. கல்மண்டபத்தின் எதிரொலி என்று காரணம் கண்டுபிடித்தேன். காரணம் கண்டுபிடிப்பது எனக்கு எப்போதுமே கைவந்த கலை.

பேச்சியம்மாள் நிழலிலிருந்து கை காட்டிக் கூப்பிட்டாள்.

"இங்கன வாங்க அண்ணாச்சி. காயுத பாறையில ஆடே நிக்காது. கால மாத்தி மாத்தி வைக்கும். நீங்க மாத்தல."

"எல்லாரும் அம்மன் அருள் என்கிறார்கள்."

"அவிய சொல்லுவாவ." குரலைத் தாழ்த்தினாள். "வலிய வாங்க வந்தவுகளுக்கு வலி வரலன்னா, அது அருளா? எனக்கு என்னமோ பயமா இருக்கு."

அன்று மாலை விடுதியில் குளித்துவிட்டு மெல்லிய ஷூவைப் போட்டுக்கொண்டு வராந்தாவில் நான்கு தடவை நடந்து பார்த்தேன். சொகுசாக இருந்தது. குழுவுக்குச் செய்தி அனுப்பினேன்: "எழுபத்திரண்டு சுற்று வெறுங்காலில். ஒரு கொப்புளத்தின் வலிகூட இல்லை. தகட்டுக் கட்சியில் சேருகிறேன்." கட்டைவிரல் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. உள்ளங்காலைப் பார்க்கவில்லை. கண்ணாடி கொண்டு வரவில்லை என்பது அன்றைய காரணம்.

மூன்றாம் நாள் காலை மலைப்பக்கத்திலிருந்து சாரல். பிரகாரக் கற்கள் கறுப்பாக நனைந்து மின்னின. வெளிச்சம் மங்கியிருந்ததால் ஆட்கள் உருவங்களாக மட்டும் தெரிந்தார்கள். கூட்டமும் குறைவு.

எண்பத்தொன்பதாவது சுற்றில், தெற்குப் பக்கத்தில், கல்லின் மேல் ஒரு சிவப்புத் தீற்றல். குங்குமம் என்று நினைத்து மிதிக்காமல் தாண்டினேன். மூன்றடி தள்ளி இன்னொன்று. அதையும் தாண்டினேன். அடுத்த சுற்றில் தீற்றல்கள் கூடியிருந்தன. குங்குமம் சாரலில் கரைந்து பரவும். இதற்கு ஒரு வடிவம் இருந்தது: பிறை மாதிரி ஒரு வளைவு, அதற்கு மேலே ஒரு வட்டம். முன்பாதமும் கட்டைவிரலும்.

யாரோ ரத்தக்காலோடு சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்குள் இருந்த பழைய ஆய்வாளர் எழுந்து உட்கார்ந்தார். எல்லாத் தடமும் வலது காலுடையது. ஆள் கனமானவர். நொண்டவில்லை, நொண்டினால் இடைவெளி மாறும், இங்கே அளந்து வைத்தது போல இருந்தது. அதுதான் என்னை என்னவோ செய்தது. இவ்வளவு ரத்தம் போகிற காலை ஒரு மனிதர் எப்படி இவ்வளவு அமைதியாக ஊன்ற முடியும்? முன்னால் போகிறவர்களின் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் சுத்தமான கால்கள். நான் எட்டிப் போட்டு நடந்தேன்; அந்த ஆளைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு மூலை திரும்பும்போதும் தடங்கள் எனக்கு முன்னாலேயே போயிருந்தன. பின்னால் அந்தச் சத்தம். தட். தட். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் நான்.

தொண்ணூற்றேழாவது கட்டத்தில் குறியிட்டுவிட்டு, வரிசையிலிருந்து விலகி மூலையில் இருந்த முதலுதவி மேசைக்குப் போனேன். விபத்தைக் கண்டவர் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது விதி.

மேசையில் இளம் செவிலி ஒருத்தி. கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி. சர்க்கரை நோய் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்ப்பவள். திருவிழாவுக்காக முகாமில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒருவருக்கு வலது பாதத்தில் பெரிய காயம்," என்றேன். "முன்பாதத்தில். ஏழெட்டுச் சுற்றாக ரத்தம் போகிறது. நிறுத்திக் கட்டுப் போட வேண்டும்."

"யாருக்கு அண்ணாச்சி?"

"ஆளைப் பார்க்கவில்லை. வேகமாக நடக்கிறவர். எவ்வளவு எட்டிப் போட்டாலும் எனக்கு முன்னாலேயே போய்விடுகிறார்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வந்த வழியைப் பார்த்தாள். அவள் பார்வை கல் கல்லாக நகர்ந்து, மேசையை நெருங்கி, எனக்குக் கீழே வந்து நின்றது.

"அண்ணாச்சி," என்றாள் மெதுவாக, "கால அசைக்காம அப்பிடியே பின்னால உக்காருங்க. நாற்காலி இருக்கு."

அப்போதும் எனக்குப் புரியவில்லை. என் காலை யாரோ தூக்கி ஒரு முக்காலியில் வைப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அறிந்தேன். முன்பாதத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் கழன்று தொங்கியது. அதன் நடுவில் ஏதோ பச்சையாக மின்னியது. இடுக்கியால் இழுத்தாள். கண்ணாடி வளையல் துண்டு, சுண்டுவிரல் நகத்தின் நீளம்.

"இது இன்னைக்கு ஏறுனது இல்ல," என்றாள். "சுத்திலும் வெளுத்துப் போயிருக்கு பாருங்க. நேத்தே உள்ள போயிருக்கும். மேல கல்லுச் சூட்டுல கொப்புளம் வேற. நேத்து எத்தன சுத்து?"

"முப்பத்தாறு." ஷூ போட்டு வராந்தாவில் நடந்ததைச் சொல்லவில்லை.

பேச்சியம்மாள் எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. பின்னால் நின்றுகொண்டு, "மொத நாளே நெனச்சேன்," என்றாள். "தட்டுத் தட்டுன்னு ஒரு காலடி. உணர்வு செத்த ஆடு அப்பிடித்தான் கால வீசிப் போடும். உங்ககிட்ட எப்பிடிச் சொல்லன்னுதான் இருந்தேன்."

ஆக, பின்னால் வந்தவரும் நான்தான்.

அவள் முந்தானையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தாள். கோயிலில் பிரசாதமாகத் தரும் புற்றுமண். "இத வச்சுக் கெட்டுங்க தாயி. ஆறாத புண்ணே கிடையாது."

"அக்கா, கைய எடுங்க!" செவிலி கிட்டத்தட்டக் கத்தினாள். "நெத்தியில பூசுங்க, பைக்குள்ள வச்சுக்கிடுங்க. இவுக புண்ணுல மட்டும் வைக்காதிய. நான் பாக்குத வேலையே, இப்பிடி வச்சுக் கட்டி விரல் போனவங்களுக்குக் கட்டுப் போடுததுதான்."

பேச்சியம்மாள் கோபப்படவில்லை. மண்ணை விரலால் தொட்டு என் நெற்றியில் வைத்தாள். அது குளிர்ச்சியாக இருந்தது. நெற்றிக்குத் தெரிந்தது.

கழுவி மருந்து வைத்துக் கட்டுப் போடும் வரை நான் பேசிக்கொண்டே இருந்தேன். டிசம்பர், மாரத்தான், அறையில் இரண்டு ஜோடி ஷூ, மெத்தைக் கட்சி, தகட்டுக் கட்சி. இவ்வளவு நாள் யாரிடமும் சொல்லாத கட்டைவிரல் பஞ்சையும் சொன்னேன். கடைசியில், விண்ணப்பதாரரைப் போலக் கேட்டேன்: "எதைப் போட்டுக்கொள்வது?"

அவள் பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்தாள். நுனியில் தூண்டில் நரம்பைப் போல ஒரு நைலான் இழை. எனக்கு அது என்னவென்று தெரியும். இரண்டு வருடமாக நான் தப்பித்து வந்தது அதனிடமிருந்துதான்.

"பெரிய டாக்டர்தான் முடிவாச் சொல்லணும். ஆனா எனக்குத் தெரிஞ்சதச் சொல்லுதேன். கண்ண மூடுங்க. கட்டுப் போட்ட எடத்த விட்டுட்டு மத்த எடத்துல இதால தொடுவேன், ரெண்டு கால்லயும். தொடும்போதெல்லாம் 'ம்'னு சொல்லுங்க. அங்கங்க தெரிஞ்சிட்டுன்னா, புண்ணு ஆறுனப்பொறம் அந்த மெத்த ஷூவப் போட்டு மெதுவா ஓடலாம்."

"எங்கேயும் தெரியாவிட்டால்?"

"ரெண்டையும் ஓடுதவங்க யாருக்காவது குடுத்துருங்க."

கண்ணை மூடிக்கொண்டேன். உதட்டில் 'ம்' தயாராக இருந்தது. காற்று மூலை திரும்பிப் போனது. ஈரக் கல்லில் காலடிகள் வந்தன, போயின. யாரோ ஒரு பெண் இருநூற்று நாற்பத்தொன்று என்று முணுமுணுத்துக்கொண்டு கடந்தாள். ஒரு முழுச் சுற்று நேரம் ஆகியிருக்கும். செவிலி எதையோ தேடுகிறாள் போலிருக்கிறது, இழை கழன்று விழுந்துவிட்டதோ என்னவோ. முதலுதவி முகாம் என்றால் பொருள்களை முன்னாலேயே எடுத்து வரிசையாக வைத்திருக்க வேண்டும். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட வந்தது.

"ஆரம்பிக்கலாமே, அம்மா," என்றேன்.

பேச்சியம்மாள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ரெண்டு காலும் முடிச்சிட்டேன், அண்ணாச்சி," என்றாள் அந்தப் பெண். "கண்ணத் தொறங்க."